தராசின் எச்சரிக்கை செவியில் விழவில்லையா?

குறைமாதக் குழந்தையின் உயிரைக் காத்துவிட்டோம் என்று பெருமை பேசுவோரிடம் நாம் கேட்கிறோம்: அதன் பார்வையைக் காக்கும் பொறுப்பு யாருடையது?

1951இல் மெல்பேணில் டாக்டர் கேற் கம்பெல், மிகையான ஒட்சிசனே இக்குழந்தைகளைக் குருடாக்குகிறது என்று சுட்டினார். ஒட்சிசன் கட்டுப்படுத்தப்பட்டது, ஆயினும் நோய் ஒழியவில்லை. 2001இல் சுவீடனின் ஆன் ஹெல்ஸ்ட்ரோம் குழுவினர் மற்றொரு காரணத்தைக் காட்டினர். வளர்ச்சிக்குரிய ஓமோன் குறைந்தால் குழந்தையின் நிறையும் ஏறாது. விழித்திரையின் இரத்தக் குழாய்களும் வளரா. கடைசி வயலை எட்டாத வாய்க்காலின் கதைதான் அது! பின்னர், வாடிய விழித்திரைக்குக் குருதியூட்டக் குழாய்கள் தாறுமாறாகப் பெருகி, அவ்விழித்திரையையே பெயர்த்துவிடும்.

ஆகவே முதல் வாரங்களில் நிறை ஏறாமை வெறும் போசாக்குக் குறைவன்று. கண்ணுக்கு வரும் ஆபத்தின் முன்னறிவிப்பு. அதை ஏட்டில் எழுதி மூடிவைப்பது கடமையாகுமா?

“நிறை நன்றாக ஏறுகிறது; கண் பரிசோதனை எதற்கு?” என்போர்க்கும் ஒன்று சொல்வோம். ஒட்சிசன் சரிவரக் கட்டுப்படுத்தப்படாத இடங்களில், நிறை ஏறிய குழந்தைகளும் பார்வை இழந்துள்ளனர். தராசு எச்சரிக்கும், கண் வைத்தியரின் இடத்தை அது நிரப்பாது.

நாம் கேட்பது பெரிதன்று. வாராவாரம் நிறையைக் கணித்துப் பாருங்கள். பிறந்து ஏறத்தாழ நான்காம் வாரத்தில் விழித்திரையைச் சோதியுங்கள். அதற்குமுன் வீட்டுக்கு அனுப்பினால், சோதனை நாளைத் தாயின் கையில் எழுதிக்கொடுங்கள். காலத்தே செய்யும் லேசர்ச் சிகிச்சை பார்வையைக் காக்கும். விழித்திரை பெயர்ந்தபின் வருந்திப் பயன் என்ன?

பெற்றோரே, கேளுங்கள்! கேட்பது உங்கள் உரிமை.