கியர் சைக்கிளும் கரிசக்காடும்

காரியாபட்டி பக்கம் கியர் சைக்கிள் வாங்குகிறவர்கள் எல்லோரும் டயரைப் பார்க்கிறார்கள், சஸ்பென்ஷனைப் பார்க்கிறார்கள். பின்சக்கரத்தின் வலதுபக்கம் தரையை ஒட்டித் தொங்குகிற டீரெய்லரை யாரும் பார்ப்பதில்லை. முதலில் அடி வாங்குவதே அதுதான்.

செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளுவது இந்த டீரெய்லர். ரோட்டில் அதற்கு ஒரு தொந்தரவும் இல்லை. கண்மாய்க்கரையிலும் வண்டிப்பாதையிலும் இறங்கினால் மூன்று எதிரிகள். ஒன்று கல். இரண்டாவது சீமைக்கருவேலஞ் சுள்ளி; போக்ஸ் கம்பியில் சிக்கி, சக்கரத்தோடு சுற்றி வந்து டீரெய்லரில் மோதும். மூன்றாவது மழைக்குப் பிந்தைய கரிசல் மண். குட்டிச் சக்கரங்களுக்கு நடுவே அப்பிக்கொண்டு செயினையே ஓடவிடாது. இந்த நேரத்தில் நம் ஆட்கள் செய்வது என்ன? இன்னும் அழுத்தி மிதிப்பார்கள். அந்த ஒரு மிதியில் டீரெய்லர் போக்ஸ் கம்பிக்குள் போய்விடும். கரகரவென்று சத்தம் கேட்டால் உடனே மிதிப்பதை நிறுத்தி இறங்கிவிட வேண்டும். காசில்லாத பாதுகாப்பு இதுதான்.

இதற்கெல்லாம் தீர்வு என்று பலர் நம்புவது அச்சில் மாட்டுகிற இரும்புக் கூண்டு. எனக்கு இதில் பாதி உடன்பாடுதான்.

அலுமினிய ஃப்ரேம்களில் டீரெய்லர் நேராக ஃப்ரேமில் மாட்டப்படுவதில்லை. நடுவே ஹேங்கர் என்று ஒரு சின்னத் துண்டு இருக்கும். அடி விழுந்தால் அது வளையவோ உடையவோ வேண்டும் என்றே மெலிதாகச் செய்திருக்கிறார்கள். வீட்டில் ஃப்யூஸ் கம்பி எரிந்து மற்றதைக் காப்பாற்றுவது மாதிரி. கூண்டு மாட்டினால் அதே அடி அச்சு வழியாக ஃப்ரேமுக்குப் போகிறது. அடிக்கடி ஃப்யூஸ் போகிறதென்று தடிமனான கம்பியைச் சுற்றி வைப்பதும் இதுவும் ஒன்றுதான். இரும்பு ஃப்ரேம் சைக்கிள் என்றால் கூண்டு மாட்டலாம், தப்பில்லை. வளைந்தால் தட்டி நிமிர்த்த முடியும்.

கூண்டைவிடப் பழக்கம் நல்லது. சைக்கிளை வலதுபக்கம் சாய்த்து வைக்காதீர்கள். வேனிலோ லோடு ஆட்டோவிலோ படுக்கப் போட்டால் டீரெய்லர் மேலே இருக்கட்டும். அதற்கு முன் பின்கியரைப் பெரிய பல்சக்கரத்துக்கு மாற்றிவிட்டால் டீரெய்லர் உள்ளே ஒதுங்கிக்கொள்ளும். கீழே விழுந்தால் பின்னால் நின்று பாருங்கள். இரண்டு குட்டிச் சக்கரங்களும் பல்சக்கரத்துக்கு நேர்கோட்டில் இல்லையென்றால் ஹேங்கர் வளைந்திருக்கிறது. அதைச் சரிசெய்யும்வரை பெரிய பல்சக்கரத்துக்குப் போகவே கூடாது. இன்னொன்று, ஸ்டைலாக இல்லை என்று பையன்கள் முதல் நாளே கழற்றி எறிகிற அந்த பிளாஸ்டிக் தட்டு, டீரெய்லரும் செயினும் போக்ஸ் கம்பிக்குள் போகாமல் தடுப்பதற்காக வைத்தது. இருந்துவிட்டுப் போகட்டுமே!

சரி, அப்படியும் ஹேங்கர் உடைந்தால்? அங்கேதான் உண்மையான சிக்கல். ஒவ்வொரு மாடலுக்கும் ஒவ்வொரு வடிவம். நம் சைக்கிளுக்குப் பொருந்துவது அருப்புக்கோட்டையில் கிடைக்குமா, மதுரைக்குப் போக வேண்டுமா என்று சொல்ல முடியாது. ஸ்ராம் கம்பெனி 2019-இல் எல்லா ஃப்ரேமுக்கும் ஒரே ஹேங்கர் என்று ஒரு வடிவத்தைக் கொண்டுவந்தது. 2023-இல் ஹேங்கரே இல்லாமல் ஃப்ரேமிலேயே மாட்டும் டீரெய்லரும் வந்துவிட்டது. இரண்டும் விலை உயர்ந்த சைக்கிள்களுக்குத்தான். பள்ளிக்கூடத்துக்கு மிதிக்கிறவனுக்கு இதனால் என்ன லாபம்?

அதனால் நான் கேட்பது ஒன்றுதான். அலுமினிய ஃப்ரேமில் கியர் சைக்கிள் விற்கிற ஒவ்வொரு கம்பெனியும் கூடவே ஒரு ஹேங்கர் சும்மா தர வேண்டும். உடைவதற்கென்றே ஒரு பாகத்தைச் செய்துவிட்டு, அடுத்ததற்கு அலையவிடுவது நியாயமில்லை. உள்ளங்கையில் அடங்குகிற துண்டு அது. சைக்கிளின் விலையோடு பார்த்தால் ஒன்றுமே இல்லை.

அதுவரை, சைக்கிள் வாங்குகிற அன்றைக்கே கடைக்காரரிடம் இன்னொரு ஹேங்கர் கேட்டு வாங்கி சீட்டுக்கு அடியில் கட்டிவையுங்கள். கிடைக்காது என்று சொன்னால், மண்பாதையில் ஓட்டுகிறவர்கள் கியர் இல்லாத சைக்கிளே வாங்கலாம். பதினொன்றாம் வகுப்பில் அரசு தருகிற சைக்கிளுக்கும் கியர் கிடையாது. அதே கண்மாய்க்கரையில் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.