மணல் குவியலில் குகை வேண்டாம்!



வீடு கட்டும் இடத்தில் மணல் கொட்டியிருந்தால் உங்களுக்குக் கால் சும்மா இருக்காது. ஏறிச் சறுக்குவீர்கள், குகை தோண்டுவீர்கள். நானும் சின்ன வயதில் அப்படித்தான்! இந்த வாரம் அந்த மணலைப் பற்றித்தான் பேசப் போகிறோம்.

முதலில் ஒரு சின்னச் சோதனை. காய்ந்த மணலை ஒரு தட்டில் மெதுவாகக் கொட்டுங்கள். கூம்பு போலக் குவியும். மேலும் கொட்டினால் உயரம் கூடும். சரிவு மட்டும் அநேகமாக அப்படியே இருக்கும். ஏறக்குறைய 30 முதல் 35 டிகிரி. அதற்கு மேல் செங்குத்தாக நிற்கச் சொன்னால் சரிந்துவிடும். மணல் துகள்கள் ஒன்றோடொன்று உரசிப் பிடித்துக்கொள்ளும் வலிமை அவ்வளவுதான்.

இப்போது கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பிசையுங்கள். கோபுரமே கட்டலாம்! துகள்களுக்கு நடுவே உள்ள மெல்லிய நீர்ப்படலம் அவற்றை இழுத்துப் பிடிக்கிறது. அந்தக் கோபுரத்தின் மேல் ஒரு தம்ளர் தண்ணீரை ஊற்றுங்கள். பொலபொலவென்று சரிந்துவிடும்.

ஏன் இப்படி? இடைவெளி முழுவதும் நீர் நிரம்பினால், இழுத்துப் பிடித்த படலம் போய்விடுகிறது. மேலே உள்ள பாரத்தில் ஒரு பங்கை நீர் தாங்கத் தொடங்குகிறது. துகள்கள் ஒன்றையொன்று அழுத்துவது குறைய, உரசல் பிடியும் தளர்கிறது. 1920களில் இதைத் தெளிவாக விளக்கியவர் கார்ல் டெர்சாகி. 'மண் இயக்கவியலின் தந்தை' என்று போற்றப்படும் பொறியாளர் இவர்.

இது வெறும் பாடமல்ல, குழந்தைகளே. பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் அபெர்ஃபான் என்றொரு சுரங்க ஊர். நிலக்கரிச் சுரங்கக் கழிவை ஊருக்கு மேலே மலைச்சரிவில், நீரூற்று இருந்த இடத்திலேயே குவித்து வந்தார்கள். ஆபத்து வரலாம் என்று முன்பே கடிதம் எழுதி எச்சரித்தும் பலனில்லை. மழைக்குப் பின், 1966 அக்டோபர் 21 காலையில், நீர் ஊறிய அந்தக் குவியல் குழம்பு போலப் பாய்ந்து வந்து பள்ளிக்கூடத்தை மூடியது. இறந்த 144 பேரில் 116 பேர் உங்களைப் போன்ற குழந்தைகள். அதன் பிறகுதான், 1969இல், இத்தகைய குவியல்களின் பாதுகாப்புக்கென்று அந்த நாட்டில் சட்டம் வந்தது.

ஒரு கன மீட்டர் மணல் ஏறக்குறைய 1,500 கிலோ எடை. மார்புவரை புதைந்தாலே மூச்சுவிடுவது சிரமமாகலாம். அதனால் இந்தத் தாத்தாவுக்கு மூன்று வாக்குக் கொடுங்கள். மணல் குவியலிலோ கடற்கரையிலோ ஆள் நுழையும் அளவுக்குக் குகையோ குழியோ தோண்டக்கூடாது. மழைக்காலத்தில் ஆற்றங்கரை விளிம்பிலும், வெட்டிய மண்மேட்டின் அடியிலும் விளையாடக்கூடாது. மேட்டில் புதிதாக விரிசல் தெரிந்தாலோ, மரம் சாய்ந்தாலோ, அடியில் திடீரெனக் கலங்கல் நீர் கசிந்தாலோ, உடனே விலகிப் போய்ப் பெரியவர்களிடம் சொல்ல வேண்டும். ஒருவர் கேட்காவிட்டால் இன்னொருவரிடம் சொல்லுங்கள்.

மணல் வீடு தாராளமாகக் கட்டுங்கள். குகை மட்டும் வேண்டாம். சரிதானே?

அன்புடன்,
உங்கள் ஆசிரியர் தாத்தா