கயிற்றை அறுக்காமலே மாத்திரை கொடுக்கலாம்

"முதல்ல அந்தக் கயித்தையும் தாயத்தையும் கழட்டிப் போட்டுட்டு வாங்க" என்று மனநலப் பிரிவில் ஒரு டாக்டர் சொல்லிவிட்டால், பெரும்பாலும் அந்தக் குடும்பம் மறுபடி வராது. அரசு மருத்துவமனையில் அந்தப் பிரிவில் செவிலியாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். விடிகாலை பஸ் பிடித்து, ஓ.பி. சீட்டு வாங்கி, பையனை இழுத்துப் பிடித்து உட்காரவைத்திருக்கும் தாய், அந்த ஒரு பேச்சில் எழுந்து போவதைப் பார்த்திருக்கிறேன். அவள் போனபிறகு, "படிக்காத ஜனம்" என்று உள்ளே பேசிக்கொள்வார்கள். எனக்கு அது ஒருநாளும் ஒப்பியதில்லை.

கொடைவிழாவில் சாமியாடுகிறவரை எங்கள் பக்கத்தில் யாரும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவருவதில்லை. கொட்டு முழங்கும்போது சாமி வரும், குறி சொல்லும், திருநீறு பூசினால் மலையேறிவிடும். மறுநாள் அவர் வழக்கம்போல வயலுக்குப் போவார். கொட்டே இல்லாமல் வந்து, திருநீறு பூசியும் இறங்காமல், தூக்கமும் சோறும் கெட்டுப்போனால்தான் ஊர் பயப்படும். ஒரு தாய் என்னிடம் சொன்னாள்: "இவன்மேல வந்தது சாமியில்ல சிஸ்டர். சாமின்னா வந்த வழியே போயிரும். இது போகமாட்டேங்குது." எப்போது தொடங்கியது, எத்தனை நாளாக இருக்கிறது, அன்றாட வேலை கெட்டதா என்று நாங்கள் பாடம் படித்துக் கேட்கும் கேள்விகளை அவள் கேட்டு முடித்துத்தான் வந்திருந்தாள்.

கோயிலில் தங்கினால் குணமாகிறது என்பதும் வெறும் வாய்ப்பேச்சில்லை. தமிழ்நாட்டில் வேலாயுதம்பாளையம்புதூர் என்ற ஊரின் முத்துசாமி கோயிலில் தங்கியிருந்த 31 மனநோயாளிகளைப் பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவன மருத்துவர்கள் ஆராய்ந்து, 2002இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்கள். அங்கே பெரிய சடங்கு எதுவும் கிடையாது. காலையில் சிறிது நேரம் பூஜை, பிறகு கூட்டுவது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது. கூடவே வீட்டாள் ஒருவர். நோயின் தீவிரத்தைக் காட்டும் மதிப்பெண் கிட்டத்தட்ட 20 சதவீதம் குறைந்திருந்தது. சிறிய ஆய்வு, ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழுவும் இல்லை. இதை வைத்து மாத்திரையை நிறுத்தச் சொன்னால் நானே சண்டைக்கு வருவேன். ஆனால், காசு கேட்காத ஓர் இடம், பக்கத்தில் சொந்தக்காரர், கைக்கு ஒரு வேலை இவையெல்லாம் எங்கள் வார்டில் இருந்தனவா என்று யோசித்துப் பார்க்கிறேன்.

இதைச் சொன்னதும் ஏர்வாடியைக் காட்டுவார்கள். காட்டத்தான் வேண்டும். 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, அங்குள்ள தர்காவை அண்டி நடந்த தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்து 28 பேர் இறந்தார்கள். சங்கிலியில் கட்டிக்கிடந்தவர்களால் எழுந்து ஓட முடியவில்லை. அந்தச் சங்கிலியை நம்பிக்கையின் கணக்கில் எழுத நான் சம்மதிக்கமாட்டேன். அது நம்பி வந்தவர்களிடம் நடத்திய வியாபாரம். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியால் கட்டுவதைத் தடை செய்கிறது. எந்த மதத்தின் பெயரைச் சொன்னாலும் அதில் விலக்குக் கேட்கக் கூடாது.

துஆ ஓதுகிற இடத்திலேயே மருந்தும் கொடுக்கலாம் என்று குஜராத்தில் உனாவா மீரா தாதார் தர்காவில் செய்து காட்டியிருக்கிறார்கள். ஏர்வாடிக்கும் அந்த வழி வந்தது. திருச்சி பக்கம் குணசீலம் கோயிலில் 48 நாள் தங்கித் தீர்த்தம் தெளித்துக்கொள்கிறவர்களை மனநல மருத்துவரும் பார்க்கிறார்.

பயிற்சிக்கு வந்த பிள்ளைகளிடம் நான் சொன்னதெல்லாம் இதுதான்: கயிற்றைத் தொடாதே, யார் கட்டினார்கள், எதுக்காகக் கட்டினார்கள் என்று கேள். "குலசாமி கோயில்ல கட்டினது. இவன் அண்ணன் கிணத்துல விழுந்து செத்த வருஷம்" என்று ஒரு பதில் வரும். நோய் எப்போது, எதிலிருந்து தொடங்கியது என்று கேஸ் ஷீட்டில் காலியாகக் கிடக்கும் இடம் அதில் நிரம்பிவிடும்.

மாவட்ட மனநலத் திட்டத்து டாக்டர்கள் இப்படிப்பட்ட கோயில், தர்கா எல்லாவற்றுக்கும் முறைவைத்துப் போக வேண்டும். அதுவும் கூட்டம் கூடுகிற நாளில். வியாழன் ராத்திரி ஜனம் சேருகிற தர்காவுக்குச் செவ்வாய்க்கிழமை காலையில் போய் உட்கார்ந்துவிட்டு, பயனாளி யாரும் வரவில்லை என்று ரிஜிஸ்டரில் எழுதி வைத்தால் யாருக்கு என்ன லாபம்?