எட்டு மதிப்பெண்ணுக்குள் ஒரு வாதம்

மதிப்பிற்குரிய அரசுத் தேர்வுகள் இயக்குநர் அவர்களுக்கு,

காஞ்சிபுரத்திலிருந்து எழுதுகிறேன். பத்தாம் வகுப்புத் தமிழ் வினாத்தாளின் கடைசியில் வரும் எட்டு மதிப்பெண் பொதுக்கட்டுரை பற்றியது இம்மடல். நூற்றில் எட்டுதானே என்று தோன்றலாம். ஆனால் ஒரு பொருளைப் பற்றிப் பிள்ளைகள் தாமாக யோசித்து நாலு பத்தி எழுத நம் பொதுத்தேர்வு தரும் இடம் ஏறக்குறைய அது ஒன்றுதான். அதையும் குறிப்புகள் கொடுத்து அடைத்துவிடுகிறோம். முன்னுரை, நடுவில் நாலைந்து தலைப்புகள், முடிவுரை என்ற வரிசை வினாவிலேயே அச்சாகி வருகிறது. திருத்துபவர் கண்ணும் இயல்பாக அந்த வரிசையின் மேல்தான் ஓடும்: துணைத்தலைப்பு உண்டா, குறள் மேற்கோள் உண்டா, கையெழுத்து தெளிவா, அடிக்கோடு விழுந்ததா. சொன்ன கருத்துக்குக் காரணம் காட்டியிருக்கிறதா என்பதற்குத் தனி மதிப்பெண் கிடையாது.

இரு பக்கமும் நியாயம் உள்ள ஒரு கேள்வியைக் கேட்டு, மாணவரை ஒரு பக்கம் நிற்கச் சொல்லுங்கள் என்பதே என் கோரிக்கை. எங்கள் ஊரிலிருந்தே ஒன்று சொல்கிறேன். சில துணி வகைகளைக் கைத்தறிக்கு மட்டுமே ஒதுக்கும் சட்டம் 1985இல் வந்தது. அந்த ஒதுக்கீடு இனியும் தொடர வேண்டுமா? ஒரு விடைத்தாளில், கைத்தறி நம் பாரம்பரியம், அதைக் காப்பது நம் கடமை என்று இரண்டு பக்கத்துக்கு இனிய நடையில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். இன்னொன்று ஒரே பக்கம், எழுத்துப்பிழையும் உண்டு. கோர்வைச் சேலையில் உடலுக்கும் கரைக்கும் தனித்தனி ஊடை ஓடுவதால் தறிக்குப் பக்கத்தில் இன்னொரு ஆள் வேண்டும், அந்தக் கூலியை விசைத்தறிச் சேலையின் விலை தாங்கவிடாது, ஆகவே ஒதுக்கீடு வேண்டும் என்கிறது அது. அதோடு நிற்காமல், நெசவாளர் வீட்டுப் பிள்ளைகளே தறியில் உட்கார விரும்பவில்லையே என்ற கேள்வியையும் தானே எழுப்பி, அதற்குச் சட்டம் போதாது, கூலிதான் உயர வேண்டும் என்று பதில் சொல்கிறது. இன்றைய திருத்தும் முறையில் முதல் தாள் முந்திவிடும். எந்தத் தாள் வாதம் செய்தது என்று கேட்டால் இரண்டாவதைத்தான் சொல்ல முடியும். ஒதுக்கீடு கூடாது என்று மூன்றாவது தாள் இதே கண்டிப்போடு எழுதினால் அதற்கும் அதே மதிப்பெண் விழ வேண்டும். எந்தப் பக்கம் நின்றார் என்பதற்கு மதிப்பெண் போடக்கூடாது.

இது மேல்நாட்டுப் பாடத்திட்டத்திலிருந்து கடன் கேட்பது அல்ல. மணிமேகலை காஞ்சிக்கு வந்த பிறகு, 29ஆவது காதையில், அறவண அடிகள் அவளுக்கு அளவை நெறியைக் கற்பிக்கிறார். நிறுவ வந்த கூற்று, அதற்கான ஏது, பொருந்தும் எடுத்துக்காட்டு, இவை ஒவ்வொன்றிலும் போலி எப்படிப் புகுந்துவிடும் என்று வரிசையாக விளக்குகிறார். வாதத்தை மதிப்பிடும் அளவுகோல் இதைவிடத் தெளிவாக நமக்கு வேறெங்கே கிடைக்கும்? காப்பியத்தைப் பாடத்தில் வைக்கிறோம், அதன் அளவுகோலைத் திருத்தும் மேசைக்குக் கொண்டுபோவதில்லை. காஞ்சிபுரத்தில் பிறந்த அண்ணா 1943இல் கம்பராமாயணம் குறித்து ரா. பி. சேதுப்பிள்ளையோடும் நாவலர் சோமசுந்தர பாரதியாரோடும் மேடையில் வாதிட்டார். எதிர்த்தரப்பில் தமிழறிஞர்கள் நேருக்கு நேர் இருந்ததால்தான் அந்தச் சொற்போர் இன்றும் பேசப்படுகிறது. எதிராளியே இல்லாத கட்டுரையை எழுதப் பழக்கிவிட்டு, அந்த மரபுக்கு நாம் வாரிசு என்று சொல்லிக்கொள்வது கொஞ்சம் வேடிக்கைதான்.

கருத்துக்கு மதிப்பெண் போட்டால் ஆளுக்கு ஆள் மாறுமே என்பது முதல் ஆட்சேபம். அதில் உண்மை உண்டு. 1912இல் அமெரிக்காவில் ஸ்டார்ச், எலியட் என்ற இருவர் இரண்டு ஆங்கில விடைத்தாள்களை 142 ஆசிரியர்களிடம் திருத்தக் கொடுத்தார்கள். ஒரு தாளுக்கு 64 முதல் 98 வரை விழுந்தது, மற்றதற்கு 50 முதல் 97 வரை. ஆனால் அங்கே எதற்கு எவ்வளவு என்ற பொது அளவு ஆசிரியர்கள் கையில் இல்லை. நம்மிடம் விடைக்குறிப்பு என்ற ஏற்பாடு இருக்கிறது, முதன்மைத் தேர்வாளரும் கூர்ந்தாய்வாளரும் இருக்கிறார்கள். அந்த விடைக்குறிப்பில் தலைப்புகளின் பட்டியலுக்குப் பதில், முன்பே திருத்தப்பட்ட நாலைந்து மாதிரித் தாள்கள் இருக்கட்டும். இது ஏன் 3, இது ஏன் 7 என்ற காரணமும் பக்கத்திலேயே இருக்கட்டும். விடைத்தாள் திருத்தும் முகாமின் முதல் மணி நேரத்தில் எல்லோரும் அவற்றைத் திருத்தி ஒப்பிட்டுக்கொண்டால் வித்தியாசம் குறையும். அறவே ஒழியாது. ஆனால் அளவுகோல் தவறாக இருந்தால் எல்லோரும் ஒன்றுபோல் திருத்தியும் பயனில்லை. அமெரிக்காவில் கல்லூரிச் சேர்க்கைக்கு எழுதும் சாட் தேர்வில் 2005இல் 25 நிமிடக் கட்டுரை ஒன்றைச் சேர்த்தார்கள், ஒவ்வொரு தாளையும் இருவர் திருத்தினார்கள். நீளமான கட்டுரைக்கே அதிக மதிப்பெண் விழுகிறது, தகவல் தவறாக இருந்தாலும் குறைவதில்லை என்று ஆய்வாளர் லெஸ் பெரல்மன் எடுத்துக்காட்டினார். பிறகு கட்டுரையின் வடிவத்தை மாற்றினார்கள், 2021இல் பொதுத்தேர்விலிருந்து அதை எடுத்தே விட்டார்கள். சரிகை என்றால் பளபளப்பைப் பார்த்து விலை போடாமல், வெள்ளி எவ்வளவு தங்கம் எவ்வளவு என்று சோதிக்கச் சொல்லும் ஊர் எங்களுடையது. கட்டுரைக்கும் அந்தச் சோதனை வேண்டும்.

உரைநூல் போடுபவர்கள் ‘மறுப்புப் பத்தி’யையும் மனப்பாடத்துக்கு அச்சடித்துவிடுவார்கள் என்பார்கள். அடிப்பார்கள். ஆகவே கேள்வியோடு ஒரு சிறு செய்திக்குறிப்போ எண் அட்டவணையோ கொடுத்து, அதிலிருந்து சான்று எடுக்கச் சொல்ல வேண்டும். முன்பின் பாராத அட்டவணைக்கு விடையை முன்கூட்டி மனப்பாடம் செய்ய முடியாது. புத்தகம் வாங்க வழியில்லாத வீட்டுப் பிள்ளைக்கும் சான்று வினாத்தாளிலேயே கிடைத்துவிடும். கடினமான ஆட்சேபம் அரசியல் பற்றியது. பரந்தூர் விமான நிலையம் பற்றி வாதிடு என்று கேட்டால் அதை எதிர்க்கும் ஏகனாபுரத்துப் பிள்ளை எதை எழுதும், அரசு ஊழியரான ஆசிரியர் எதை எண்ணித் திருத்துவார்? இந்தப் பயம் நியாயமானது. அரசே ஒரு தரப்பாக நிற்கும் பொருளைப் பொதுத்தேர்வில் தொட வேண்டாம் என்று ஒப்புக்கொள்கிறேன். பள்ளியில் கைப்பேசி, வீட்டுப்பாடத்தின் அளவு, தெருநாய்கள், திருவிழா ஒலிபெருக்கி என்று பிள்ளைகள் நாள்தோறும் வாதிடும் பொருள்கள் எத்தனையோ இருக்கின்றன.

ஒன்பது லட்சம் அளவிலான மாணவர்கள் எழுதும் தேர்வை ஒரே ஆண்டில் மாற்றச் சொல்லவில்லை. வரும் அரையாண்டுத் தேர்வில் காஞ்சிபுரம் மாவட்டத்தில் மட்டும் இப்படி ஒரு வினாவை வையுங்கள். அந்த விடைத்தாள்களில் சிலவற்றைப் பெயர் நீக்கி, இருவர் தனித்தனியாகப் போட்ட மதிப்பெண்ணோடும் அதற்கு அவர்கள் எழுதிய காரணத்தோடும், தமிழாசிரியர்கள் எல்லோரும் பார்க்கும்படி வெளியிடுங்கள். பொதுத்தேர்வுக்குக் கொண்டுபோகலாமா என்பதை அதன் பிறகு அவர்களிடமே கேட்கலாம்.

இப்படிக்கு,
காஞ்சிபுரத்து வாசகன்