கர்ப்பத்தில் கற்றுக்கொடுங்கள், பிரசவத்துக்குப் பின் கேளுங்கள்: இடுப்புத் தளத் தசை நலம் குறித்த நிலைப்பாட்டு அறிக்கை

தும்மினாலும் குடத்தைத் தூக்கினாலும் சிறுநீர் கசிவது, கீழே ஏதோ இறங்கி நிற்பதுபோல் கனப்பது, வாயுவை அடக்க முடியாமல் போவது, தாம்பத்திய உறவில் வலிப்பது. பிள்ளை பெற்ற பெண்கள் பலர் இவற்றைச் சகித்துக்கொண்டே வீட்டுவேலையும் வெளிவேலையும் பார்க்கிறார்கள். "பிள்ளை பெத்த உடம்பு, அப்படித்தான் இருக்கும்" என்று வீட்டில் சொல்கிறார்கள். சில நேரம் மருத்துவமனையிலும் அதே பதில்தான். தமிழ்நாட்டில் தாய்மை நலப் பணியில் இருக்கும் செவிலியர்கள், பிசியோதெரபிஸ்டுகள், மகப்பேறு மருத்துவர்கள் ஆகியோரின் அமைப்பான நாங்கள் இந்தப் பதிலை ஏற்கவில்லை.

எங்கள் நிலைப்பாடு

ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் இடுப்புத் தளத் தசைப் பயிற்சியைச் சரியாகக் கற்றுத்தர வேண்டும். பிரசவத்துக்குப் பின் ஒவ்வொரு தாயிடமும் கசிவு, இறக்கம், வலி பற்றி நேரடியாகக் கேட்க வேண்டும். தொல்லை இருப்பதாகச் சொல்பவருக்கு, பயிற்சி பெற்றவரின் மேற்பார்வையில் குறைந்தது 3 மாதம் இலவசச் சிகிச்சை கிடைக்க வேண்டும்.

ஏன் இந்த நிலைப்பாடு

இடுப்பெலும்பின் அடியில், முன்னெலும்பிலிருந்து வால் எலும்புவரை தூளி கட்டியதுபோல் அமைந்த தசைகள்தான் சிறுநீர்ப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் மூன்றையும் தாங்குகின்றன. கர்ப்பகாலத்தில் ஹார்மோன்களால் தசையும் இணைப்புத் திசுவும் தளர, வளரும் குழந்தையின் எடையும் மேலே அழுத்துகிறது. பிரசவத்தில் இவை மிக அதிகமாக இழுபடுகின்றன. நெடுநேரம் முக்குவது, ஆயுதப் பிரசவம், ஆசனவாய்வரை செல்லும் கிழிசல் ஆகியவை பாதிப்பைக் கூட்டுகின்றன.

சிசேரியனில் கசிவின் வாய்ப்பு குறையும், ஆனால் முற்றிலும் நீங்காது. கர்ப்பச் சுமையை அந்தத் தசைகளும் தாங்கியவைதானே. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். "ஆபரேஷன்தானே, உனக்கு ஒன்றும் வராது" என்ற தவறான ஆறுதல் ஏறத்தாழ பாதித் தாய்மார்களைச் சிகிச்சையிலிருந்து விலக்கி வைக்கக்கூடும்.

இடுப்புத் தளத் தசைப் பயிற்சியை அமெரிக்க மகளிர் நோய் மருத்துவர் ஆர்னால்ட் கெகல் 1948இல் எழுதிப் பரவலாக்கினார். கசிவு இல்லாத கர்ப்பிணிகள் பயிற்சி செய்தால், கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் கசிவு வரும் வாய்ப்பு 62 சதவீதமும், பிரசவத்துக்குப் பின் 3 முதல் 6 மாதங்களில் 29 சதவீதமும் குறைவதாக 2020ஆம் ஆண்டின் காக்ரேன் தொகுப்பாய்வு கூறுகிறது. தொல்லை எதுவும் இல்லாத தாய்மார் அனைவருக்கும் பிரசவத்துக்குப் பின் தடுப்புக்காகப் பயிற்சியை வழக்கமாகத் தொடங்குவதை உலக சுகாதார நிறுவனத்தின் 2022 வழிகாட்டுதல் பரிந்துரைக்கவில்லை. இரண்டையும் சேர்த்துப் படித்தே தடுப்புக்குக் கர்ப்பகாலத்தையும், சிகிச்சைக்குத் தொல்லை உள்ள தாய்மாரையும் முன்வைக்கிறோம்.

கற்றுத்தருவது என்றால் என்ன

"கெகல் பண்ணுங்கம்மா" என்று ஒரு தாளை நீட்டுவது கற்றுத்தருவது ஆகாது. முழங்காலை மடக்கிப் படுக்கவைத்து, வாயுவையும் சிறுநீரையும் ஒருசேர அடக்குவதுபோல் உள்ளே மேல்நோக்கி இழுக்கச் சொல்ல வேண்டும். மூச்சு ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்; வயிறு, தொடை, பிட்டம் இறுகக் கூடாது. சில நொடி பிடித்து, முழுதாகத் தளர்த்த வேண்டும். ஒரு வேளைக்கு 8 முறை, நாளுக்கு 3 வேளை. உள்ளிழுப்பதாக நினைத்துக் கீழே முக்குகிற பெண்கள் உண்டு என்பதால், சரியாகச் செய்கிறாரா என்று பார்ப்பது அவசியம். சிறுநீர் கழிக்கும்போது பாதியில் நிறுத்திப் பழகச் சொல்லக் கூடாது. வலியோடு தசை ஏற்கெனவே இறுகியிருப்பவர் முதலில் தளர்த்தக் கற்க வேண்டும்.

அரசிடம் கோருவது

1. மாதந்தோறும் 9ஆம் தேதி நடக்கும் கர்ப்பிணிகள் பரிசோதனை முகாமில் இந்தப் பயிற்சியும் இடம்பெற வேண்டும்.

2. குழந்தையின் 6ஆவது வாரத் தடுப்பூசிக்குப் புதன்கிழமை வரும் தாயைக் கவனியுங்கள். குழந்தையை எடை போடுகிறார்கள், ஊசி போடுகிறார்கள், அட்டையில் குறிக்கிறார்கள். தையல் வலியில் ஒருபக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருப்பவரிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. சிறுநீரோ மலமோ கசிகிறதா, கீழே ஏதாவது இறங்குகிறதா, வலி இருக்கிறதா என்ற மூன்று கேள்விகளுக்குத் தாய் சேய் நல அட்டையில் இடம் வேண்டும்.

3. 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிசியோதெரபிஸ்டுகள் வீடுவீடாகச் செல்கிறார்கள். அவர்களுக்கு இந்தப் பயிற்சியை அளித்து, தாய்மாரையும் பயனாளிகளாகச் சேர்க்க வேண்டும்.

4. ஆசனவாய்த் தசைவரை கிழிந்திருந்தால் அதைத் தாயிடம் சொல்லி, டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதி, மறுபரிசோதனைக்குத் தேதி தர வேண்டும்.

5. கர்ப்பப்பை இறக்கத்துக்குப் பயிற்சி, உள்ளே வைத்துத் தாங்கும் பெசரி வளையம் ஆகிய வழிகளை விளக்கிய பிறகே அறுவைச் சிகிச்சை பற்றிப் பேச வேண்டும். கர்ப்பப்பையை எடுப்பது சிறுநீர்க் கசிவுக்கு மருந்தல்ல.

குடும்பங்களுக்கு

வயிற்றில் துணி கட்டுவதால் இந்தத் தசைகள் வலுப்பெறுவதில்லை. பத்தியம் என்று தண்ணீரையும் கீரையையும் குறைத்தால் மலச்சிக்கல் வரும்; முக்க முக்கத் தசை மேலும் தளரும். தண்ணீர்க் குடத்தை முதல் சில வாரங்களுக்கு வீட்டில் வேறு யாராவது தூக்கட்டும்.

அதே குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனைகளில் நடக்கின்றன. ஏறத்தாழ ஒவ்வொரு தாயும் நம் கண்முன் வந்துபோகிறார். அரசாணைக்குக் காத்திராமல் எங்கள் உறுப்பினர்கள் தங்கள் வார்டுகளிலும் புறநோயாளிப் பிரிவுகளிலும் கசிவு, இறக்கம், வலி பற்றிய அந்த மூன்று கேள்விகளைக் கேட்பார்கள். "ஆமாம்" என்று சொல்லும் தாயை அனுப்பிவைக்க அருகிலேயே ஒரு சிகிச்சை இடம் வேண்டும். அதை அமைத்துத் தருவது அரசின் கடமை.