திருப்புளிச் சுயராஜ்யம்

ஆனி மாதம் பிறந்து விட்டால் காரைக்காலில் மாங்கனிப் பேச்சைத் தவிர வேறு பேச்சு இல்லை. பௌர்ணமியன்று பிக்ஷாடன மூர்த்தி வீதி வலம் வருகிறார். மாடியிலிருந்தும் திண்ணையிலிருந்தும் ஜனங்கள் மாம்பழங்களை வாரி இறைக்கிறார்கள். அம்மையார் கதையை நேயர்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. கணவன் பரமதத்தன் கொடுத்தனுப்பிய இரண்டு கனிகளில் ஒன்றைப் புனிதவதியார் சிவனடியாருக்கு இட்டு விட்டார். கணவன் இன்னொன்றையும் கேட்டபோது, இறைவன் அருளால் மாற்றுக் கனி கையில் வந்தது. அது அசலைக் காட்டிலும் தித்தித்தது. அதனாலேதான் பரமதத்தனுக்குச் சந்தேகம் உண்டாயிற்று, "இது எங்கே கிடைத்தது?" என்று கேட்டான்.

மாற்று உதிரிப் பாகம் அசலைவிட நன்றாக இருந்து, அதனால் சண்டை விளைந்த சம்பவம் உலகத்தில் இது ஒன்றுதான் என்று நாம் நினைக்கிறோம். இந்த நினைப்பு நமக்கு ஏன் வந்தது என்பதைச் சொல்லி விடுகிறோம்.

எதிர்வீட்டுப் பெண் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். தகப்பனார் இல்லை. தாயார் தையல் இயந்திரம் ஒன்றை வைத்துக் குடும்பம் நடத்துகிறாள். பெண்ணிடம் ஒரு மடிக்கணினி உண்டு. இரண்டு வருஷத்துக்கு முன்னால் பதினாலாயிரம் ரூபாய்க்குப் பழையதாக வாங்கியது. அந்த வீட்டில் தையல் இயந்திரத்துக்கு அடுத்த பெரிய சொத்து அதுதான். ஓர் இரவு, விசைப்பலகையின் மேல் பேனாவை வைத்து மறந்து விட்டு, மூடியை அழுத்தி மூடி விட்டாள். அவ்வளவுதான். காலையில் திறந்து பார்த்தால், திரையின் ஒரு பாதியில் மை கொட்டியது போன்ற கறுப்பு. மறு பாதியில் சேலைக் கரை போல வர்ணக் கோடுகள். உபகாரச் சம்பளத்துக்கு விண்ணப்பம் அனுப்ப நான்கே நாள் பாக்கி.

கடைத்தெருவில் ஒரு கடைக்காரர் பார்த்தார். திரை மாற்ற எண்ணாயிரத்து ஐந்நூறு ஆகும் என்றார். பிறகு, அனுதாபத்துடனேயே, "இதற்குச் செலவழிப்பதைவிடப் புதிதாக ஒன்று வாங்கி விடுங்களேன்" என்றார். பெண் அழுதுகொண்டே நம் வீட்டுத் திண்ணைக்கு வந்து, "தாத்தா! இனிமேல் இது குப்பைதானா?" என்று கேட்டாள்.

நமக்கும் அந்த வித்தை தெரியாது. ஆனால் அவள் தாயாரின் தையல் இயந்திரம் நம் ஞாபகத்துக்கு வந்தது. அந்த இயந்திரம் அவளுடைய தாயார் காலத்தது. பெட்டிக்குள் ஒரு சிறு திருப்புளியும் எண்ணெய்க் குப்பியும் கூடவே இருக்கும். வார் அறுந்தால் அவளே மாற்றுவாள்; ஊசி ஒடிந்தால் அவளே திருகுவாள். 'குப்பை' என்று அதை யாரும் சொன்னதில்லை. தாயார் ஆளும் இயந்திரத்துக்கும் மகள் ஆளும் இயந்திரத்துக்கும் நடுவில் என்ன நேர்ந்து விட்டது?

முதலில் செய்ய வேண்டியது பரீட்சை. உடைந்தது திரைதானா, உள்ளே உள்ள மற்ற பாகங்களுமா? இதை அறிய ஒரு பைசா செலவு இல்லை. வீட்டுத் தொலைக்காட்சியையும் மடிக்கணினியையும் எச்.டி.எம்.ஐ. கம்பியால் இணைத்தோம். தொலைக்காட்சியில் படம் பளிச்சென்று வந்தது. ஆகவே மூளைக்குச் சேதம் இல்லை, முகத்துக்குத்தான் காயம். பெண் உடனே கண்ணைத் துடைத்துக்கொண்டு, நம் வீட்டுக் கூடத்திலேயே தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்து விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்து அனுப்பி விட்டாள். பாதிக் கவலை தீர்ந்தது. திரையை நிதானமாகக் கவனிக்க அவகாசம் கிடைத்தது.

இனி, நாம் செய்த பிழையைச் சொல்ல வேண்டும். திரையின் அளவை நாடாவால் அளந்து, அந்த அளவில் ஒன்றை இணையக் கடையில் 3,200 ரூபாய்க்கு வரவழைத்தோம். பழைய திரையைக் கழற்றிப் பார்த்தால், அதன் முதுகில் உள்ள இணைப்பில் 40 பின்கள், வந்ததிலோ 30! 2014, 2015-ஐ ஒட்டி வந்த மாறுதல் இது. அதற்கு முந்திய மடிக்கணினிகளில் பெரும்பாலும் 40. பிந்தியவற்றில் பெரும்பாலும் 30. இரண்டும் செய்தி அனுப்பும் முறையே வேறு. எண்ணிக்கை ஒன்றாக இருந்தாலும் முறை மாறுவது உண்டு. பொருந்தாததைப் பலவந்தமாகச் செருகினால் தாய்ப்பலகையே கெட்டுப் போகலாம். ஆகவே நேயர்கள் நினைவில் வைக்க வேண்டியது: கழற்றிப் பார்க்கும் முன் வாங்காதீர்கள். திரையின் முதுகில் ஒட்டியிருக்கும் சீட்டில் அதன் மாதிரி எண் இருக்கிறது. அந்த எண்ணைச் சொல்லித்தான் கேட்க வேண்டும். நல்ல வேளையாக, வந்த திரையைத் திருப்பி எடுத்துக்கொண்டார்கள். ஒரு வாரம் மட்டும் வீணாயிற்று.

இரண்டாவது திரை வந்ததும் காரியத்தைப் பெண்ணே செய்தாள். நாம் விளக்குப் பிடித்தோம். முதலில் இயந்திரத்தை முற்றிலும் அணைத்து, மின்கம்பியை நீக்கி, பாட்டரியையும் கழற்றினாள். உள்ளேயே பதிந்த பாட்டரியானால் அதன் இணைப்பையாவது பிரித்து விட வேண்டும். இதைத் தவறவிட்டு எதையும் தொடலாகாது. திரையைச் சுற்றியுள்ள சட்டத்தின் மூலைகளில் சிறு ரப்பர் பொட்டுகள் இருந்தன. அவற்றை ஊசியால் நெம்பினால் அடியில் திருகாணிகள். நம் ஊர்க் கடற்காற்றின் உப்பு அங்கேயும் புகுந்து ஒன்றைத் துருப்பிடிக்கச் செய்திருந்தது. தலை தேய்ந்து திருப்புளி வழுக்கியது. அதன் மேல் ஒரு ரப்பர் வளையத்தை வைத்து அழுத்தித் திருகியதும் இறங்கி வந்தது. பிறகு சட்டத்தை நகத்தால் சுற்றிலும் மெள்ள மெள்ள விடுவித்தாள். திரையை ஒரு மெல்லிய துணி விரித்த விசைப்பலகை மேல் குப்புறச் சாய்த்தாள். முதுகிலே இணைப்பின் மேல் ஒட்டியிருந்த நாடாவை உரித்து, நேராகப் பின்னோக்கி இழுத்தாள். புதியதைச் செருகியதும் சட்டத்தை மூடவில்லை. பாட்டரியைப் போட்டு, உயிர் வருகிறதா என்று பார்த்தாள். வந்தது! அதற்குப் பிறகே மறுபடி அணைத்து, பாட்டரியை நீக்கி, திருகாணிகளை அதனதன் இடத்தில் முடுக்கினாள். மொத்தம் ஒன்றரை மணி நேரம். அவள் தாயார் தையலை நிறுத்தி விட்டு வாசற்படியில் நின்று மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எல்லாருக்கும் இது ஏற்றதென்று சொல்ல மாட்டோம். தொடுதிரையும் கண்ணாடியும் ஒன்றாக ஒட்டப்பட்ட வகையில் முழு மூடியையே மாற்ற நேரிடும். அதைக் கைதேர்ந்தவரிடம் விடுவதே உத்தமம். உத்தரவாதக் காலம் முடியாவிட்டால் முதலில் நிபந்தனைகளைப் படிக்க வேண்டும். விரிசல் விட்ட கண்ணாடியைக் கையாண்டபின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். இன்னொன்று: கடைக்காரர் நம் எதிரி அல்ல. அவரும் வாடகை கொடுத்துத் தொழில் செய்கிறவர். தம் கைவேலைக்குக் கூலி கேட்கிறார். உதிரிப் பாகமும் வரைபடமும் அவருக்கே எளிதில் கிடைப்பதில்லை என்பதும் வாஸ்தவம்.

இங்கேதான் விஷயம் திருகாணியைத் தாண்டிப் போகிறது.

1929-ஆம் ஆண்டில் காந்திஜியின் முயற்சியால் அகில இந்திய சர்க்கா சங்கத்தார் ஒரு லட்சம் ரூபாய்ப் பரிசு அறிவித்தார்கள். குடிசையில் இருந்துகொண்டே அதிகமாக நூல் நூற்கக்கூடிய புது இராட்டை ஒன்றைக் கண்டுபிடிப்பவருக்கு அந்தப் பரிசு. நிபந்தனைகளைக் கவனியுங்கள். விலை 150 ரூபாய்க்கு மேற்படக் கூடாது. இருபது ஆண்டு உழைக்க வேண்டும். வருஷாந்தரப் பழுதுச் செலவு விலையில் நூற்றுக்கு ஐந்துக்கு மேல் போகக் கூடாது. எல்லா நிபந்தனைகளையும் நிறைவேற்றி அந்தப் பரிசை ஒருவரும் பெறவில்லை. ஆனாலும் அந்தக் கணக்கு இருக்கிறதே, அது இன்றைக்கும் நல்ல உரைகல். நாற்பதாயிரம் ரூபாய் மடிக்கணினிக்கு நூற்றுக்கு ஐந்து என்றால் வருஷத்துக்கு 2,000 ரூபாய். வீட்டில் மாற்றினால் ஒரு திரையின் செலவு இரண்டு வருஷக் கணக்குக்குள் அடங்கி விடுகிறது. 'புதிது வாங்கு' என்ற யோசனையோ இருபது வருஷக் கணக்கையும் ஒரே நாளில் விழுங்கி விடுகிறது!

காரைக்கால், இடையில் ஆங்கிலேயர் பிடித்திருந்த காலங்கள் நீங்கலாக, 1739 முதல் 1954 நவம்பர் 1 வரையில் பிரெஞ்சுக்காரர் வசம் இருந்தது. அவர்களிடமிருந்து நாம் விடுதலை பெற்றோம், பெற வேண்டியதுதான். ஆனால் நல்லது எங்கே இருந்தாலும் கற்றுக்கொள்வதில் வெட்கம் இல்லை. பிரான்ஸ் தேசத்தில் 2015-ல், சாமான் சீக்கிரம் பாழாகும்படி வேண்டுமென்றே செய்வதைக் குற்றமாக்கினார்கள். 2021 ஜனவரி 1 முதல், மடிக்கணினி உட்பட ஐந்து வகைச் சாமான்களுக்குப் பழுது பார்க்கும் வசதியைப் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் இட்டு, விலைச் சீட்டின் பக்கத்திலேயே காட்டும்படி செய்தார்கள். வரைபடம் கிடைக்கிறதா, கழற்றுவது சுலபமா, உதிரிப் பாகம் கிடைக்குமா, அதன் விலை என்ன என்பவையெல்லாம் மதிப்பெண்ணில் சேர்ந்தவை.

நம் தேசத்திலும் இந்த எண்ணம் உதயமாகி விட்டது. 2022 ஜூலையில் மத்திய சர்க்காரின் நுகர்வோர் இலாகா, பழுது பார்க்கும் உரிமை குறித்து ஒரு குழுவை நியமித்தது. அதே ஆண்டு டிசம்பர் 24-ல், தேசீய நுகர்வோர் தினத்தன்று, அதற்கென ஓர் இணையதளம் தொடங்கப்பட்டது. விவசாயக் கருவிகள், கைப்பேசிகள், வீட்டுச் சாமான்கள், வாகனங்கள் ஆகியவை முதலில் எடுத்துக்கொண்ட துறைகள். 2025-ல் வேறொரு குழு, சாமான்களுக்கு மதிப்பெண் இடும் யோசனையைச் சமர்ப்பித்தது. இந்த நல்ல யோசனைகள் யோசனைகளாகவே நின்று விடாமல் சட்டத்தின் பலம் பெற வேண்டும் என்பதே நம் அவா.

திரையைப் பற்றி ஒரு பெருமையும் சொல்லாமல் விட மனமில்லை. அதனுள்ளே இருப்பது திரவப் படிகம். திரவம் போல ஓடும், படிகம் போல ஒழுங்காக அணி வகுத்து நிற்கும். இதை 1888-ல் முதலில் கவனித்தவர் ரைனிட்சர் என்ற ஆஸ்திரிய தாவர சாஸ்திரி. 1977-ல் பெங்களூர் ராமன் ஆராய்ச்சி நிலையத்தில், ஸர் சி. வி. ராமனின் மருமானாகிய எஸ். சந்திரசேகரும் அவருடைய சகாக்களும், தட்டு வடிவ அணுத்திரள்களாலான புதுவகைத் திரவப் படிகத்தைக் கண்டுபிடித்தார்கள். (நட்சத்திர ஆராய்ச்சிக்காக 1983-ல் நோபல் பரிசு பெற்ற சந்திரசேகர் வேறு, அவரும் ராமனுக்கு உறவே.) பக்கவாட்டிலிருந்து பார்த்தாலும் படம் மங்காதிருக்கத் திரைகளின் மேல் ஒட்டும் படலங்களில் பின்னால் அந்த வகை பயன்பட்டது. தத்துவம் கண்டுபிடிக்க நமக்கு மூளை இருந்தது. திரையோ பெரும்பாலும் சீனா, தைவான், தென் கொரியாவிலிருந்து வருகிறது. இடையில் உள்ள தூரத்தைக் கடக்க ஆலைகள் வேண்டும். அவற்றுக்கு முன், இயந்திரத்தைத் திறந்து பார்க்கப் பயப்படாத குழந்தைகள் வேண்டும். காரைக்காலில் தேசீயத் தொழில்நுட்பக் கழகம் இருக்கிறது. நம் தெருவிலோ ஒரு பெண் ஒரு திருப்புளியுடன் ஆரம்பித்திருக்கிறாள்.

உடைந்த திரையை என்ன செய்தாள் என்று கேட்பீர்கள். அரசலாற்றில் எறியவில்லை. மின்னணுக் கழிவை முறைப்படி சேகரித்துப் பிரிப்பவர்களிடந்தான் சேர்க்க வேண்டும் என்பது 2022-ல் வெளியான விதிகளின் நோக்கம். அதன்படி கொடுக்கும் வரையில், பழைய செய்தித்தாளில் சுற்றிப் பரணில் வைத்திருக்கிறாள்.

உபகாரச் சம்பளத்தின் முடிவு இன்னும் தெரியவில்லை. ஆனால் சென்ற வாரம் அடுத்த தெருவிலிருந்து இரண்டு மாணவர்கள் தங்கள் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு எதிர்வீட்டுக்கு வந்தார்கள். திருப்புளி இப்போது தையல் இயந்திரப் பெட்டியில், எண்ணெய்க் குப்பிக்குப் பக்கத்தில் இருக்கிறது.

மாங்கனித் திருநாளன்று அந்தத் தாயார் தட்டு நிறைய மாம்பழம் கொண்டு வந்து வைத்தாள். ஒன்றை நறுக்கி உண்டோம். பிரமாதமாக இனித்தது. எங்கே கிடைத்தது என்று நாம் கேட்கவில்லை.