சரி, அபினி எங்கே போச்சு?

போன மாதம் கிள்ளானில் ஒரு கல்யாண விருந்து. பத்துப் பேர் உட்காரும் வட்ட மேசை. என் பக்கத்தில் லோரி வியாபாரம் செய்யும் ஓர் அண்ணன், பெண் வீட்டுக்குத் தூரத்து உறவு. சாப்பாடு வருவதற்குள் சொற்பொழிவு வந்துவிட்டது.

"தம்பி, தப்பா நினைச்சுக்காதீங்க. சீனவனும் மூட்டையத் தூக்கிட்டுத்தான் கப்பல் ஏறி வந்தான். நம்மாளும் அப்படித்தான் வந்தான். இன்னிக்கு அவன் எங்க, நாம எங்க? எல்லாம் இதனாலதான்." கட்டைவிரலை வாய்ப்பக்கம் சாய்த்துக் காட்டினார். "கள்ளு தம்பி, கள்ளு. குடிச்சே அழிஞ்சோம்."

மேசையே தலையாட்டியது. எதிரே இருந்தவர் தலையாட்டிக்கொண்டே விஸ்கி புட்டியின் மூடியைத் திருகினார்.

"அப்ப சீனவன் இழுத்த அபினி?" என்று கேட்டேன்.

"அது வேற" என்றார் அண்ணன்.

அன்றைக்கு ஆட்டிறைச்சி எனக்கு இறங்கவில்லை. இந்தப் பேச்சை நான் முடிவெட்டும் கடையில் கேட்டிருக்கிறேன், கோயில் கமிட்டிக் கூட்டத்தில் கேட்டிருக்கிறேன், துக்க வீட்டில்கூடக் கேட்டிருக்கிறேன். "சீனவனப் பாரு" என்பது மலேசியத் தமிழன் தன் பிள்ளைக்குத் தாலாட்டோடு சேர்த்து ஊட்டும் பாடம். நீங்களும் சொல்லியிருப்பீர்கள். நானும் ஒரு காலத்தில் சொன்னவன்தான். அந்த வெட்கத்தில்தான் இவ்வளவு கோபம்.

அபினிக்கே வருகிறேன். ஈயச் சுரங்கத்தில் இடுப்பளவு தண்ணீரில் நின்ற சீனக் கூலி, மாலையில் இழுத்தது அபினி. அது ஏதோ ஒளித்து மறைத்து விற்ற சரக்கு என்று நினைத்துவிடாதீர்கள். அரசாங்கத்துக்குக் குத்தகைப் பணம் கட்டி உரிமை எடுத்து, கடை போட்டு விற்றார்கள். பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் மூன்றும் சேர்ந்த நீரிணைக் குடியேற்றத்தின் வருமானத்தில் சில ஆண்டுகளில் ஏறத்தாழ பாதி அபினியிலிருந்தே வந்தது. 1910 வாக்கில் குத்தகையை ஒழித்துவிட்டு வெள்ளைக்காரன் தானே காய்ச்சி விற்கத் தொடங்கினான். சிங்கப்பூரில் புக்கிட் சந்து என்று ஒரு குன்று இருக்கிறது. சந்து என்றால் காய்ச்சிப் பதப்படுத்திய அபினி. அபினி ஆலை இருந்த இடம் என்பதால் அந்தப் பெயர். ஒரு மலைக்கே பெயர் வைக்கும் அளவுக்கு அபினி ஓடிய சமூகம் போதையினால் கெடவில்லையாம். தென்னங்கள்ளு குடித்தவன் மட்டும் கெட்டானாம்!

வித்தியாசம் போதையில் இல்லை, கல்லாப்பெட்டியில் இருக்கிறது. கோலாலம்பூரைக் கட்டியவர் என்று புகழப்படும் கப்பித்தான் யாப் ஆ லோய் கையில் ஈயமும் இருந்தது, அபினியும் சாராயமும் சூதாட்டமும் இருந்தன. சீனக் கூலி ஊதிய பணம் சீன முதலாளியின் பெட்டிக்குப் போய், அங்கிருந்து சுரங்கமாக, கடைவீடாக, கடைசியில் பேங்காகத் திரும்பி வந்தது. தோட்டத்துக் கள்ளுக்கடை யாருடையது? நிர்வாகம் நடத்தியது, இல்லையென்றால் அரசாங்கம் நடத்தியது. சம்பளத்தன்று ஒரு கையால் கொடுத்த காசை மறு கையால் வாங்கிக்கொண்டார்கள். தமிழன் குடித்த காசு தமிழன் பெட்டிக்குத் திரும்பி வரவில்லை. நம் துரதிர்ஷ்டம் அதுதான்.

"ஒரே கப்பல்ல வந்தோம்" என்பது அடுத்த பொய். கப்பல் வேறு, சீட்டு வேறு, இறங்கிய இடம் வேறு. சீனக் கூலியும் கடனில்தான் வந்தான். அவன் பட்ட பாடும் நாய் படாத பாடு. ஆனால் கடன் தீர்ந்தால் அவன் கால் போன இடத்துக்குப் போகலாம். ஒரு சுரங்கம் இல்லையென்றால் இன்னொரு சுரங்கம், இல்லையென்றால் பட்டணத்தில் தன் ஊர்க்காரன் கடையில் எடுபிடி வேலை. நம்மாளைக் கூட்டி வந்தவன் கங்காணி. ஒப்பந்தக் கூலி முறை 1910-இல் ஒழிந்த பிறகும் கங்காணி ஒழியவில்லை; 1938-இல் இந்திய அரசாங்கம் தடுக்கும்வரை ஆள் பிடித்துக்கொண்டே இருந்தான். வேலைக்கு வரும் ஒவ்வொரு தலைக்கும் அவனுக்குத் தலைக்காசு உண்டு. அந்தத் தலை தோட்டத்தை விட்டுப் போனால் காசும் போகும். விடுவானா? ஒரு மாத நோட்டீஸ் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று சட்டத்தில் எழுதியிருந்தது. போய்? அடுத்த தோட்டத்திலும் துரைமார் பேசி வைத்த அதே கூலிதான்.

அதற்குச் சாட்சி வேண்டுமா? 1941-இல் இதே கிள்ளான் வட்டாரத்தில் நடந்த வேலைநிறுத்தம். தோட்டத் தொழிலாளர்களின் முதல் கோரிக்கை, சீனத் தொழிலாளிக்குத் தரும் கூலியை எங்களுக்கும் கொடு என்பது. அதே மரம், அதே பால், அதே கத்தி. சீனவனுக்குக் கூலி கூட, தமிழனுக்குக் குறைவு. சீனவனின் பட்டையில் மட்டும் பால் அதிகம் வந்ததா? அவனால் 'போய் வருகிறேன்' என்று சொல்ல முடிந்தது, அதற்கு விலை கிடைத்தது. அவ்வளவுதான் விஷயம்.

அந்தப் பட்டியலில் இன்னொரு கோரிக்கை உண்டு. கல்யாண வீட்டு அண்ணன்கள் காதைத் திறந்து கேட்க வேண்டும். கள்ளுக்கடையை மூடு! ஆமாம், நாம் எண்பது வருஷமாகக் குடிகாரன் என்று ஏசுகிற அதே ஆள்தான் கேட்டான். பதிலுக்கு என்ன கிடைத்தது? தலைவர் ஆர். எச். நாதனைப் பிடித்து நாடு கடத்தினார்கள். பட்டாளத்தை இறக்கினார்கள். தொழிலாளர்கள் சுடப்பட்டுச் செத்தார்கள். 1947-இல் கெடாவில் தொண்டர் படை கள்ளுக்கடை மறியல் செய்தபோதும் போலீஸ் அடித்தது, உயிர் போனது. கள்ளை நிறுத்தச் சொன்னவன் அடிபட்டான், கடையைத் திறந்து வைத்தவன் சர் பட்டம் வாங்கினான், பேரன் விஸ்கி புட்டியைத் திருகிக்கொண்டே தாத்தாவைக் குடிகாரன் என்கிறான்.

அதே பட்டியலில் சைக்கிளும் இருந்தது. துரை எதிரே வந்தால், கணக்கெழுதும் கிராணி எதிரே வந்தால்கூட, தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும். இறங்காமல் போகும் உரிமை கொடு என்று கேட்டார்கள். என் தாத்தா காஜாங் பக்கத்துத் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். தோட்டத்தை விட்டு எங்களோடு தாமானுக்குக் குடிவந்த பிறகும் காலையில் ரொட்டி வாங்கச் சைக்கிளில்தான் போவார். பெரிய கார் எதிரே வந்தால் போதும், பிரேக்கைப் பிடித்து இறங்கி, சாக்கடை ஓரமாக ஒதுங்கி, ஹேண்டிலைப் பிடித்தபடி நிற்பார். கார் போனதும் ஏறுவார். ஒருமுறை அந்தக் காரில் போனது பக்கத்துத் தெருவில் காய்கறி விற்கும் சீனப் பையன். "ஏன் தாத்தா இறங்குறீங்க?" என்று கேட்டேன். "பழக்கம்யா" என்றார். அந்தக் காலை ஏன் இறக்கினாய் என்று தாத்தாவைக் கேட்கிறோம். இறக்க வைத்தவனை யார் கேட்டார்கள்?

இதோடு முடிந்ததா? உலகப் பொருளாதாரம் படுத்த 1930-களின் தொடக்கத்தில் ரப்பர் விலை விழுந்ததும், லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்களைக் கப்பலேற்றித் திருப்பி அனுப்பினார்கள். விலை ஏறியதும் மறுபடி அழைத்தார்கள். குழாயைத் திறந்து மூடுவது போல. ஜப்பான்காரன் வந்தான், தோட்டம் தோட்டமாக ஆள் பிடித்துச் சயாம் ரயில் பாதைக்குக் கொண்டு போனான். பல்லாயிரம் தமிழர்கள் அங்கேயே மண்ணானார்கள். 1969-இல் குடியுரிமை இல்லாதவனுக்கு வேலை பெர்மிட் கட்டாயம் என்றார்கள். சிவப்பு அடையாள அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு பல்லாயிரம் பேர் நாகப்பட்டினக் கப்பலுக்கு வரிசையில் நின்றார்கள். சேமிப்பு என்பது ஒரே இடத்தில் உட்கார்ந்தால் வளர்வது. நம்மாளை எப்போது உட்கார விட்டார்கள்?

சீனவனையும் அடைத்தார்கள், இல்லை என்று சொல்லவில்லை. கம்யூனிஸ்டு காலத்தில், 1950 முதல், பிரிக்ஸ் திட்டத்தில் ஏறத்தாழ ஐந்து லட்சம் பேரை முள்வேலி போட்ட புதுக்கிராமங்களுக்கு மாற்றினார்கள், பெரும்பாலோர் சீனர்கள். கொடுமைதான். ஆனால் அங்கே குத்தகைக்காவது ஒரு மனை கிடைத்தது, பெரிய சாலை பக்கத்தில் இருந்தது. வேலி போனதும் கிராமம் பட்டணமானது. தோட்டத்து லயத்தில் மூன்று தலைமுறை பிறந்து செத்தவனுக்கு வாசற்படி மண்கூடச் சொந்தமில்லை. தோட்டம் கைமாறினால் மரத்தோடு மரமாக அவனும் கைமாறினான். இன்று நாம் சுற்றுலாக் கூட்டிக்கொண்டு போய்ப் படமெடுக்கும் புத்ராஜெயா எங்கே நிற்கிறது? பிராங் பெசார் தோட்டமும் அக்கம்பக்கத்துத் தோட்டங்களும் இருந்த நிலத்தில். அங்கிருந்த குடும்பங்களை டிங்கிலில் அடுக்குமாடிக்கு அனுப்பினார்கள். சுவர் வெடித்த அந்த வீடுகளுக்குப் பதில் தரை வீடு கேட்டு அவர்கள் எத்தனை வருஷம் அலைந்தார்கள் என்பது பேப்பர் படிக்கிறவர்களுக்குத் தெரியும். நிர்வாகத் தலைநகரமே எழும்பிய மண்ணில் பிறந்தவன், முன்னேறத் தெரியாதவன்!

"நம்ம ரத்தமே அப்படி" என்பார்கள் அடுத்ததாக. ரத்தமா? சிவகங்கைச் சீமையிலிருந்து வந்த செட்டியாரும் தமிழர்தான். அவர் கிட்டங்கியில் கடன் வாங்கிச் சுரங்கம் தோண்டிய சீனர்கள் உண்டு. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ரயில்வேயில் கிராணியானவரும் தமிழர்தான். ஒருவர் பணப்பெட்டியோடு வந்தார், ஒருவர் ஆங்கிலப் படிப்போடு வந்தார், என் தாத்தா கங்காணியோடு வந்தார். வந்த வழி எதுவோ, போன வழி அதுதான்.

அடுத்து 'கேங்'. நம் பையன்கள்தான் அடிதடி என்று ஒரு பாட்டு. லாருட்டில் கீ ஹின், ஹாய் சான் என்று இரண்டு சீனக் கூட்டங்கள் ஈயத்துக்காக வருஷக்கணக்கில் வெட்டிக்கொண்ட வெட்டில்தான் 1874-இல் பங்கோர் ஒப்பந்தம் போட்டு வெள்ளைக்காரனே உள்ளே நுழைந்தான். அதற்குப் பெயர் வரலாறு. நம் பையன் பாராங்கத்தி தூக்கினால் அதற்குப் பெயர் கலாச்சாரம். அபினிக்கு ஒரு நியாயம், கள்ளுக்கு ஒரு நியாயம் மாதிரிதான் இதுவும்.

இந்த நம்பிக்கையை வைத்துப் பிழைப்பவர்களையும் சொல்லிவிடுகிறேன். தன்முனைப்புப் பயிற்சி என்று ஹோட்டல் அறையில் குளிரூட்டி, தலைக்கு இருநூறு வெள்ளி வாங்கி, "சீனவன் நாலு மணிக்கு எழுந்திருக்கிறான்" என்று கத்துகிறார்களே, அவர்கள். பால்வெட்டுக்காரி எத்தனை மணிக்கு எழுந்தாள் ஐயா? விடியும் முன் பெரட்டுக் களத்தில் பெயர் கொடுத்தவள், தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரையில் நின்றவள். நாலு மணிக்கு எழுந்தால் பணக்காரனாகலாம் என்றால் என் பாட்டிக்கு இரட்டைக் கோபுரத்தில் பங்கு இருந்திருக்க வேண்டும். பங்கு என்றதும் ஞாபகம் வருகிறது. நகையை வைத்து நம் தொழிலாளர்கள் பணம் போட்ட மைக்கா முதலீட்டு நிறுவனம் 1982-இல் தொடங்கியது. ஒரு வெள்ளிக்கு வாங்கிய பங்கு 2010-இல் எண்பது காசுக்குத் திரும்பியது. அந்த இருபது காசையும் கள்ளுக்கடையில்தான் விட்டோமா? வீடு வாடகைக்கு என்று விளம்பரம் போட்டு, பேர் கேட்டதும் "போன வாரமே ஆள் வந்தாச்சு" என்கிறார்களே, அதற்கும் கள்ளுதான் காரணமா?

2019-இல் அரசாங்கம் எடுத்த கணக்கில் சீனக் குடும்பத்தின் இடைநிலை மாத வருமானம் 7,391 வெள்ளி, இந்தியக் குடும்பத்துக்கு 5,981. இந்த இடைவெளியைக் காட்டித்தான் நமக்குப் பாடம் எடுக்கிறார்கள். எங்கள் தாமான் முனையில் எழுபது வயதில் கொய்தியாவ் வறுக்கும் சீனப் பாட்டிக்கு இந்த 7,391-இல் எவ்வளவு சேர்ந்தது என்று யாரும் கேட்பதில்லை. புதுக்கிராமத்து ஏழைச் சீனவன் நம் ஒப்பீட்டில் வரவே மாட்டான். நமக்குத் தெரிந்த சீனவன் எப்போதும் தவுக்கே, முதலாளி. நமக்குத் தெரிந்த தமிழன் எப்போதும் சாக்கடையில் விழுந்து கிடப்பவன்.

விருந்து முடிந்து வெளியே காருக்குக் காத்திருந்தபோது அண்ணன் மறுபடி வந்து நின்றார். கோபம் இல்லை, பிரியமாகத்தான் பேசினார். சும்மா இருக்காமல், முதல் லோரி எப்படி வாங்கினீர்கள் என்று கேட்டேன். முகம் மலர்ந்துவிட்டது.

"எங்கப்பா தோட்டத்த விட்டு ஓடியாந்து துறைமுகத்துல மூட்ட தூக்கினாரு. அங்க ஒரு தவுக்கே தன்னோட பழைய லோரியத் தவணைக்குக் குடுத்தான். அதுலதான் தம்பி ஆரம்பம்."

"அப்பா குடிப்பாங்களா?"

"குடிக்காம? ஞாயித்துக்கெழமன்னா கள்ளுக்கடையிலதான் தேடணும்" என்று சிரித்தார். சிரித்து முடித்தபிறகுதான் என் முகத்தைப் பார்த்தார்.

"அது வேற, தம்பி" என்றார்.